வீனஸ், ஜூபிடர், சாட்டர்ன்... கிரகங்களின் பெயரில் பீச் ஊர்கள்! ருமேனியாவின் கருங்கடல் ஓரம் அமைதியானது எப்படி?

ருமேனியாவில், பல்கேரிய எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் மங்காலியா என்ற சின்ன நகரம் இருக்கு. அங்கிருந்து வடக்கே போனால் கருங்கடல் ஓரமாக வரிசையாக ஆறு ஊர்கள்: சாட்டர்ன், வீனஸ், கேப் அரோரா, ஜூபிடர், நெப்டியூன், ஒலிம்ப். சனி பெயரில் இருக்கிற ஊரில் யார் ரூம் போடுவா என்று நம்மூர்க்காரர்கள் யோசிக்கலாம். ஆனால் ஒருகாலத்தில் கோடை வந்தாலே அங்கே கூட்டம் அலைமோதும்.

யார் கட்டியது?

கம்யூனிஸ்ட் அரசுதான். பெரும்பகுதி 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் எழுந்தது. மொத்த ஊரையும் அரசே பிளான் போட்டுக் கட்டியதால் பெயர்களில்கூட ஒரு ஒழுங்கு தெரியும். வீனஸில் பல ஹோட்டல்களுக்குப் பெண்களின் பெயர். கேப் அரோராவில் ஓபல், டோபாஸ், ஓனிக்ஸ் என ரத்தினக் கற்களின் பெயர். ஒலிம்பில் கடலைப் பார்த்தபடி படிப்படியாக இறங்கும் பெரிய ஹோட்டல்கள். அதிபர் சௌசெஸ்குவின் கோடைகால மாளிகை இருந்தது நெப்டியூனில்.

யாருக்காக?

இரண்டு தரப்புக்காக. ஒன்று, உள்ளூர் தொழிலாளர்கள். தொழிற்சங்கம் மூலம் சலுகை விலையில் விடுமுறைச் சீட்டு கிடைக்கும். ஆலைத் தொழிலாளியும் குடும்பத்தோடு கடல் பார்க்க முடிந்தது இதனால்தான். இன்னொன்று, மேற்கு ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா போன்ற இடங்களிலிருந்து வந்த பயணிகள். அவர்கள் கொண்டுவரும் அந்நியச் செலாவணி அரசுக்குத் தேவைப்பட்டது. பயணி வேண்டும், ஆனால் மக்களோடு பழகக்கூடாது! 1974-ல் வந்த ஆணைப்படி, நெருங்கிய ரத்த உறவு இல்லாத வெளிநாட்டவர் ருமேனியர்களின் வீட்டில் தங்க முடியாது. ஹோட்டல்தான் ஒரே வழி.

சரிவு எப்போது?

1989 புரட்சிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1980-களில் வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவேன் என்று சௌசெஸ்கு உணவுப் பொருட்களை ஏற்றுமதி செய்தார். நாட்டுக்குள் ரேஷன், மின்வெட்டு. மேற்கத்திய பயணிகள் குறைந்தார்கள். புரட்சிக்குப் பிறகு ஹோட்டல்கள் மெல்ல தனியார் கைக்குப் போயின. சிலர் புதுப்பித்தார்கள், சிலர் பூட்டிப் போட்டார்கள். அதனால் பளபளக்கும் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் உடைந்த கட்டடத்தையும் இங்கே பார்க்கலாம்.

உண்மையான சிக்கல் வேறு. இந்த அறைகளை நிரப்பியது சந்தை அல்ல, அரசு. சீட்டு கொடுத்து ஆள் அனுப்பிய கை விலகியதும் ஆயிரக்கணக்கான அறைகளை நிரப்ப ஆள் இல்லை. அதே நேரம் ருமேனியர்களுக்கு உலகம் திறந்தது. 2007-ல் ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2025 ஜனவரி முதல் இரு நாட்டு எல்லையில் சோதனையும் இல்லை. காரை எடுத்தால் நேராக பல்கேரிய பீச்! உள்நாட்டிலேயே பார்ட்டி கூட்டம் வடக்கே மமாயாவுக்கும், இளைஞர் கூட்டம் தெற்கே வாமா வேக்கேவுக்கும் போகிறது. இந்த ஆறு ஊர்களும் நடுவில் மாட்டிக்கொண்டன.

இப்போ யார் வர்றாங்க?

குழந்தைகளோடு வரும் நடுத்தரக் குடும்பங்கள், ஓய்வூதியர்கள். சீசனுக்கு முன்னும் பின்னும் விலையைக் குறைத்து விற்கும் 'எல்லோருக்கும் கடற்கரை' என்ற திட்டம் உண்டு. அரசு ஊழியர்களுக்கான விடுமுறை வவுச்சரும் பல அறைகளை நிரப்புகிறது. ஒருவகையில் பழைய தொழிற்சங்கச் சீட்டின் பேரப்பிள்ளை இது. அந்த வவுச்சரைக் குறைக்கப்போவதாகப் பேச்சு கிளம்பினாலே ஹோட்டல் உரிமையாளர்கள் கொதிப்பதற்குக் காரணமும் இதுதான்.

கடலும் சும்மா இல்லை. அரிப்பால் மணல் குறைந்துகொண்டே வந்ததால், ஐரோப்பிய ஒன்றிய நிதியில் மணல் கொட்டி பீச்சை அகலப்படுத்துகிறார்கள். கூட்டம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். செப்டம்பர் தாண்டினால் பெரும்பாலான ஹோட்டல்களுக்குப் பூட்டு, அடுத்த மே மாதம் வரை.