விரல் வழி வந்த தமிழ்

சுவாமிமலை என்றதும் நாட்டாருக்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, தகப்பனுக்கு மைந்தன் மந்திரப் பொருளைக் காதோடு காதாக ஓதிய கதை. மற்றொன்று, காவிரி வண்டலில் அச்செடுத்து வெண்கலம் வார்க்கும் சிற்பிகளின் கைத்திறன். கதையை விடுவோம், கைத்திறனைப் பாராட்டுவோம். அச்சிற்பிகள் வார்த்த சிலைக்கு நாள் பார்த்து, நாழிகை பார்த்து, உளியால் கண் திறக்கிறார்கள். கண்ணின் பெயரைத் தாங்கிய தீர்த்தமும் இவ்வூரில் உண்டு. உலோகத்துக்குக் கண் திறப்பு! குளத்துக்கு நேத்திரப் பட்டம்! பார்வையின்றிப் பிறந்த ஏழைக் குழந்தைக்கு வைதீகம் வைத்திருந்தது என்ன? முன்வினைப் பயன் என்ற ஒரு சொல்லும், கோயில் படியோரத்தில் ஒரு திருவோடும்தானே!

அந்தத் திருவோட்டைத் தட்டிவிட்டு அதே கையில் ஏட்டைக் கொடுத்த வரலாறு ஒன்று உண்டு. அது ஒரு நாட்டாரின் உழைப்பால் மட்டும் ஆனதன்று.

பிரான்சு நாட்டில், சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாக 1809இல் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறையிலிருந்த குத்தூசி ஒரு விழியைத் துளைத்தது. புண் புரையோடி மறு விழியும் போயிற்று. சார்லசு பார்பியே என்ற படை அதிகாரி, இருளிலும் தடவிப் படிக்கவென்று பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட எழுத்து முறையொன்றை அமைத்திருந்தார். சிறுவன் பிரெயில் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, விரல் நுனிக்குள் அடக்கினான். 1824இல் அவனுக்கு வயது பதினைந்து! ஆறு புள்ளிகளுக்குள் அறுபத்து மூன்று வடிவங்கள். வரவேற்றார்களா? அவர் படித்து, பின்பு ஆசிரியராகவும் இருந்த பள்ளியிலேயே ஒரு காலத்தில் அம்முறைக்குத் தடை விதித்தார்கள். 1852இல் அவர் மறைந்தார். 1854இல்தான் அரசு ஏற்றது. பழமைப் பித்துக்குப் பாரிசு மட்டும் விலக்கா என்ன?

தமிழகத்தில் பார்வையற்றோருக்கான கல்விப் பணி 1890இல் பாளையங்கோட்டையில் தொடங்கிற்று. தொடங்கியவர் ஆஸ்க்வித் அம்மையார். சமயம் பரப்ப வந்தவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அறுபடை வீடும் ஆயிரங்கால் மண்டபமும் கட்டியவர்களுக்குத் தோன்றாத ஒன்று அந்த அம்மையாருக்குத் தோன்றிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

பள்ளிகள் பெருகின, கூடவே குழப்பமும் பெருகிற்று. துணைக்கண்டத்தில் ஊருக்கொரு புள்ளிமுறை, மொழிக்கொரு கணக்கு. ஒரு பள்ளியில் அச்சான நூல் மற்றொரு பள்ளியின் விரலுக்குப் புரியாத நிலை. 1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெசுகோவின் முன் வைத்தது. அதன் ஆலோசகராக வந்த கிளத்தா மெக்கன்சி நியூசிலாந்துக்காரர். 1915இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் கண்ணிழந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது டேராடூனில், விழியிழந்த வீரர்களுக்குப் பயிற்சி தந்தவர். 1950இல் பாரிசிலும், 1951இல் பெய்ரூட்டிலும் பல நாட்டார் கூடினர். ஒரே ஒலிக்கு எம்மொழியிலும் ஒரே புள்ளி வடிவம் என்ற நெறி உறுதியாயிற்று. அவ்வழி வந்ததே பாரதி பிரெயில். அதே 1951இல் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் எழுந்தது.

'ஒருமைப்பாடு' என்றதும் நமக்கு ஐயம் எழுவது இயல்பு. அப்பெயரால் நம் மொழி மீது என்னென்ன சுமத்தப்பட்டன என்பதை அறிவோம். ஆகவே இங்கும் துருவிப் பார்த்தோம். அகரத்துக்கு ஒரே ஒரு புள்ளி, பிரெஞ்சுக்காரர் தம் முதலெழுத்துக்கு வைத்த அதே புள்ளி. ககரத்துக்கு ஒன்றாம் புள்ளியும் மூன்றாம் புள்ளியும். மலையாளச் சிறுவனுக்கும் அதுவே. ஆனால் ழகரம் காணாமற் போய்விடவில்லை. ஐந்து புள்ளிகளோடு தனித்து நிற்கிறது. றகரத்துக்குத் தனி இடம். றன்னகரத்துக்கு ஐந்தும் ஆறும். பொதுமைக்காகத் தமிழ் எதையும் இழக்கவில்லை.

இன்னொன்றும் கண்டோம், கண்டு வியந்தோம். தாளில் 'கொ' எழுத, கொம்பை முன்னே நிறுத்தி, காலைப் பின்னே நட்டு, ககரத்தை இடையில் நிறுத்துகிறோம். புள்ளி எழுத்திலோ முதலில் க, அடுத்து ஒ. ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை! ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவங்கள் எதற்கு என்று கேட்டு 1935இல் பெரியார் 'குடிஅரசு' ஏட்டில் எழுத்தைச் சீர்திருத்தினார். அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று. பார்வையற்ற தமிழர் விரலுக்கு அந்தச் சிக்கலே இருந்ததில்லை.

எழுத்து கிடைத்தது, நூல்? பதிப்புரிமை வேலியாக நின்றது. ஒரு நாட்டில் ஆக்கிய பிரெயில் நூல் மறு நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாத நிலை. 2006இல் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு, பன்னாட்டுக் கூட்டுறவை அரசுகளின் கடமையாக்கிற்று. 2007இல் இந்தியா அதை ஏற்றது. 2013இல் மொராக்கோவின் மராக்கேசு நகரில் மற்றோர் உடன்படிக்கை. பார்வையற்றோர் படிப்பதற்கென நூலை மாற்றவும், எல்லை கடந்து அனுப்பவும் அது வழி திறந்தது. 2014இல் அதனை முதன்முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. அதற்கு முன்பே, 2012இல், உள்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டிருந்தது. 'ஊனம்' என்ற சொல்லை ஒதுக்கி 'மாற்றுத்திறனாளி' என்று கலைஞர் 2010இல் அரசு ஏட்டில் ஏற்றியதையும் இவ்வரிசையில் வைத்தே எண்ணுகிறோம்.

வேலி போயிற்று. அண்ணாவின் நூல்களும் பாரதிதாசனின் நூல்களும் நாட்டுடைமை. எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. புள்ளி அச்சுக்குத் தடித்த தாள் வேண்டும்; ஒரு நூல் பல தொகுதிகளாகப் பெருகும்; இடமும் மிகுதியாகக் கொள்ளும். செய்தித்தாள் பரப்பிய மேசை நம் படிப்பகங்களில் உண்டு. தலைவர்களின் படங்கள் சுவரில் உண்டு. அந்தச் சுவரோரம் ஓர் அலமாரியைக் காலி செய்து, முதல் தொகுதியை வாங்கி வைக்கப் போகும் படிப்பகம் எந்த ஊருடையது, தோழர்களே?