மூன்றும் இரண்டும்

அமெரிக்காவில் பொறியியல் பட்டத்திற்கு ஒரு சுற்றுவழி உண்டு. மாணவர் முதல் மூன்று ஆண்டுகளை ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் கழிப்பார். அங்கே கணிதம், இயற்பியல், வேதியியலோடு இலக்கியம், வரலாறு, தத்துவம் என்று தொழிலுக்கு நேராகப் பயன்படாதவற்றையும் படிப்பார். பிறகு ஒரு பொறியியல் நிறுவனத்துக்கு மாறி இரண்டு ஆண்டுகள். முடிவில் கையில் இரண்டு பட்டங்கள். மூன்று-இரண்டு திட்டம் என்பார்கள். பரந்த படிப்புள்ள பொறியாளரை உருவாக்குவதே இதன் நோக்கம் என்பது வழக்கமான விளக்கம். பல ஊர்களுக்கு அது பொருந்தவும் கூடும். அட்லாண்டாவில் இதற்கு வேறொரு முன்கதை இருக்கிறது.

1895 செப்டம்பரில் அந்நகரில் நடந்த பொருட்காட்சியில் புக்கர் டி. வாஷிங்டன் ஓர் உரை நிகழ்த்தினார். கறுப்பின மக்கள் இப்போதைக்குக் கைத்தொழிலையும் வேளாண்மையையும் பற்றிக்கொண்டு முன்னேறட்டும், சம உரிமைக்காக அவசரப்பட வேண்டாம் என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டுகள் கழித்து அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்க வந்த டூபாய்ஸ் இதை ஏற்கவில்லை. 1903இல் வெளிவந்த நூலில் வாஷிங்டனைப் பெயர் சொல்லியே மறுத்தார். ஒரு சமூகத்துக்குத் தச்சரும் கொல்லரும் போதாது, செவ்வியல் கல்வி பெற்ற தலைமையும் வேண்டும் என்பது அவர் கட்சி. கருவியா, நூலா என்று இந்த வாதத்தைச் சுருக்கிவிடுவது எளிது. இருவருக்குமே அது அநீதி. ஆனால் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அட்லாண்டாவின் கறுப்பினக் கல்லூரிகள் பெரும்பாலும் டூபாய்ஸ் காட்டிய பக்கமே நின்றன. மோர்ஹவுஸிலிருந்து போதகர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் வந்தார்கள். 1948இல் மார்ட்டின் லூதர் கிங் அங்கே பெற்ற பட்டம் சமூகவியலில்.

பொறியாளராக விரும்பியவன் என்ன செய்வான்? அதே நகரில், சில கிலோமீட்டர் தொலைவில், 1888 முதல் ஜார்ஜியா டெக் நடந்துகொண்டிருந்தது. கறுப்பின மக்களும் செலுத்திய வரியில் இயங்கிய மாநில நிறுவனம் அது. அதன் கதவு அவனுக்கு மூடியிருந்தது. வெளிமாநிலத்தில் போய்ப் படிப்பதற்கு ஜார்ஜியா அரசு உதவித்தொகை தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தன் வீட்டுக்குள் விடாமலிருக்க வழிச்செலவு கொடுத்து அனுப்பும் தாராளம்!

1961 செப்டம்பரில் ஜார்ஜியா டெக் மூன்று கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு ஜனவரியில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் நீதிமன்ற ஆணைக்குப் பணிந்து இருவரைச் சேர்த்தபோது கலவரம் மூண்டிருந்தது. ஜார்ஜியா டெக் ஆணைக்குக் காத்திராமல் தானே இறங்கிவந்தது. ஆனால் அந்த மூவரில் ஒருவரும் அங்கே பட்டம் பெறவில்லை. முதலில் பெற்றவர் ரொனால்ட் யான்சி, 1965இல், மின்பொறியியலில். அவருடைய விண்ணப்பத்தை ஜார்ஜியா டெக் முன்பு மறுத்திருந்தது. மோர்ஹவுஸில் படிப்பைத் தொடங்கி, பிறகே அங்கிருந்து மாறினார். மாறிய இடத்தில் ஆய்வகத்தில் இணைந்து வேலை செய்ய ஒருவரும் முன்வரவில்லை. பொறியியல் ஆய்வகம் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஒருவர் இணைப்பைச் சரிசெய்ய, மற்றவர் அளவைக் குறித்துக்கொள்ளும் வேலை அது. யான்சி இரண்டையும் தனியாகவே செய்ய வேண்டியிருந்தது.

1969இல் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் உள்ளிட்ட கல்லூரிகள் ஜார்ஜியா டெக்குடன் இணைந்து மூன்று-இரண்டு திட்டத்தைத் தொடங்கின. பெண்கள் கல்லூரியான ஸ்பெல்மன் இதில் இருந்தது சிறு விஷயமல்ல. ஜார்ஜியா டெக் பெண்களையே 1952இல்தான் சேர்க்கத் தொடங்கியிருந்தது. யான்சி தனியாளாகக் கடந்த தூரத்துக்கு இப்போது ஓர் ஒப்பந்தம் வந்துவிட்டது. எந்தப் பாடத்துக்கு எது ஈடு, எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டன. எல்லாவற்றையும்விட, மாணவர்கள் கூட்டாகப் போக முடிந்தது. டூபாய்ஸ் 1963இல் கானாவில் காலமாகிவிட்டார். அவர் எந்தக் கல்விக்காக வாதாடினாரோ, அதுவே பொறியியலின் முதற்பாதியானதைப் பார்க்க அவர் இல்லை. வாஷிங்டன் பார்த்திருந்தாலும் தான் வென்றதாகவே கருதியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

திட்டத்துக்கு விலையும் உண்டு. நான்காம் ஆண்டில் உடன் படித்தவர்கள் பட்டமளிப்புக்குத் தயாராகும்போது, இவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய நிறுவனத்தில் மீண்டும் புதியவர்களாக நுழைய வேண்டும். ஓராண்டுச் செலவு கூடுதல். எனவே மாறும் எண்ணத்துடன் தொடங்கி, நான்காம் ஆண்டும் கலைக் கல்லூரியிலேயே தங்கி, இயற்பியலிலோ கணிதத்திலோ பட்டம் பெற்று நின்றுவிடுபவர்கள் இத்தகைய திட்டங்களில் எங்குமே உண்டு. கணக்கெடுப்பவர்கள் இவர்களை இழப்பு என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். 1961க்கு முன் மோர்ஹவுஸில் தங்கியவனுக்குப் போக இடமில்லை. இவர்கள் போக இடமிருந்தும் தங்கியவர்கள்.

2019இல் ஜார்ஜியா டெக் வளாகத்தில் யான்சிக்குச் சிலை வைத்தார்கள். 2024 மே மாதம் அவர் அங்கே மறுபடியும் மேடையேறினார். முதுநிலைப் பட்டம் பெற்ற பேத்தியின் கையில் பட்டயத்தைக் கொடுப்பதற்காக.