பனையேறியின் உறவுக்காரன்

1791 நவம்பர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த லெப்டினன்ட் டால்டார்ஃப், குளத்தோரப் பனைமரத்தில் ஒரு மீன் ஏறுவதைப் பார்த்தார். நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே, செவுள்மூடி முட்களைப் பட்டைப் பிளவில் ஊன்றி, வாலை அடித்து நகர்ந்ததாம். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் இந்தக் குறிப்பை அச்சிட்டது. உள்ளூர்க்காரர்கள் அந்த மீனை முன்பே பனையேறி கெண்டை என்றுதான் அழைத்து வந்தார்கள். மரம் ஏறியது இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் மழைக்கால ஈரத்தரையில் அது ஊர்ந்து போவதில் சந்தேகமில்லை.

தண்ணீருக்கு வெளியே அது எப்படிப் பிழைக்கிறது? தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. பாரிஸ் விலங்கியலாளர் கூவியே அதைத் தண்ணீர் சேமிக்கும் தொட்டி என்று நினைத்தார். பெரிய மனிதர் சொன்னதால் அந்தக் கருத்து பல ஆண்டுகள் நின்றது. மதராஸ் ராணுவ மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1860-களில் சோதித்துப் பார்த்தார். நீர்ப்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால் இந்த மீன்கள் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்தன. அந்த உறுப்பில் நிரம்புவது தண்ணீரல்ல, காற்று!

இந்த உறுப்பு உள்ள குடும்பத்தில் அழகானது முத்து கௌராமி. படேவியாவில் டச்சுப் படைக்கு மருத்துவம் பார்த்த பீட்டர் பிளீக்கர், ஓய்வு நேரமெல்லாம் மீன்களுக்கே செலவிட்டவர். சுமத்ராவின் பலெம்பாங்கிலிருந்து கிடைத்த இந்த மீனை 1852-ல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தி, வான் லீர் என்ற சக மருத்துவரின் பெயரைச் சூட்டினார்.

இவற்றில் வீட்டுத் தொட்டிக்கு முதலில் வந்தது அதுவல்ல, அதன் சீன உறவான பாரடைஸ் மீன். 1869-ல் பாரிஸ் வந்து சேர்ந்த அந்த மீன்களை வாங்கிய பியர் கார்போனியே, அவை நுரைக்கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைக் கவனித்து எழுதினார். மாதக்கணக்கான கப்பல் பயணம், மாற்றாத தண்ணீர், மின்சார ஏரேட்டர் கிடையாது. மற்ற மீன்கள் திணறும் அந்த நீரில், மேலே வந்து ஒரு வாய் காற்று குடிக்கத் தெரிந்தவை தாக்குப்பிடித்தன. வெப்பமண்டல மீன் வளர்ப்பு இந்தக் குடும்பத்திலிருந்து தொடங்கியதில் வியப்பென்ன?

முத்து கௌராமி 12 செ.மீ. வரை வளரும். உடலெங்கும் வெண்முத்துப் புள்ளிகள், வாயிலிருந்து வாலடி வரை ஒரு கருங்கோடு. நூல்போல நீண்ட வயிற்றுத் துடுப்புகளால் முன்னாலிருப்பதைத் தொட்டு, ருசி பார்த்தே நகரும். அந்த நூல்களைக் கடித்துக் குதறும் டைகர் பார்ப் மீனைப் பக்கத்தில் விடக்கூடாது. முத்து கௌராமி சண்டைக்குப் போகாத மீன். முட்டையிடும் காலத்தில் மட்டும், தொண்டை செக்கச் செவேலென்று சிவந்த ஆண், நுரைக்கூட்டைக் காக்க மற்றவற்றை விரட்டும். கடையில் குட்டியாக விற்கும் ராட்சத கௌராமியோ 70 செ.மீ. வரை போகும், கௌராமி என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கினால் வம்பு.

முத்து கௌராமிக் குஞ்சுகளுக்குக் காற்று நிரப்பும் அந்த உறுப்பு பிறக்கும்போதே இருப்பதில்லை, சில வாரங்களில்தான் உருவாகும். அப்போது நீர்ப்பரப்பில் குளிர்காற்று பட்டால் கூட்டமாகச் செத்துவிடும். அதனால்தான் ஐரோப்பாவில் தொட்டியைக் கண்ணாடியால் இறுக மூடி, உள்ளே வெதுவெதுப்பைக் காக்கிறார்கள். வண்ணமீன் வளர்ப்பில் பேர்போன சென்னை கொளத்தூரில் அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. அங்கே காற்றே வெந்நீர் மாதிரிதான் வீசுகிறது.