மலை நகருமா, சார்?

1983-ஆம் வருடம். ராஜபாளையத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே சஞ்சீவி மலை தெரியும். அனுமார் தூக்கிப் போன மூலிகை மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்வார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், மலை நிஜமாவே நகருமா?" என்றான்.

"மலை எங்கேடா நகரும்? தென்னிந்தியா அசையாத பழம்பாறை. உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றபின் ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து குடியேறி, நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, தப்பு என்னுடையது.

1972-இல் அமெரிக்கா லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோளை ஏவியது. அந்த வரிசைக் கோள்கள் எடுத்த படங்களை வைத்து ட்ரூரி, ஹோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தென்னிந்தியப் பாறைகளின் வரைபடத்தை 1980-இல் வெளியிட்டார்கள். தரையில் நடப்பவன் கண்ணுக்குப் படாத நீண்ட கோடுகள் அதில் துலங்கின. நமக்குத் தெற்கே வடமேற்கு தென்கிழக்காகச் செல்லும் ஒரு பட்டையும் அவற்றில் உண்டு. ஐயப்பன் குடிகொண்ட அச்சன்கோவிலின் பெயரால் அதை 'அச்சன்கோவில் ஷியர் ஸோன்' என்கிறார்கள். அச்சன்கோவில் ஆறு மலையைப் பிளந்ததுபோல வடமேற்காக ஓடுவதும் இந்தப் பட்டையை ஒட்டித்தான். அதாவது, நான் அந்தப் பையனை உட்காரவைத்தபோது பதில் அச்சாகி மூன்று வருடம் ஆகியிருந்தது.

பட்டைக்கு வடக்கே மதுரைப் பாறைத் தொகுதி. நம் இரண்டு ஊர்களும் அதன் தெற்குப் பகுதியில்தான். தெற்கே திருவனந்தபுரம் தொகுதி. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில், இவை ஒன்றையொன்று உரசி நழுவின. மேலே நடந்திருந்தால் பாறை உடைந்திருக்கும். பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டில் நடந்ததால் பரோட்டா மாவைப் போல இழுபட்டது. மாவில் முந்திரி இருந்தால் அதன் இரு பக்கமும் வால்போல நீளுமல்லவா? பாறையில் கெட்டியான கனிமங்களைச் சுற்றியும் அப்படி வால்கள் உண்டு. அவை வளையும் பக்கத்தைப் பார்த்துத்தான் எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணிக்கிறார்கள். இடம் என்றும் வலம் என்றும் இன்னும் வாதம் நடக்கிறது. மடகாஸ்கரில் உள்ள ரனோட்சாரா பட்டை இதன் மறுமுனை என்று இணைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அதுவும் முடிந்த விவாதம் அல்ல.

அந்தச் சூட்டுக்கு நம்மூர்ப் பாறையே சாட்சி. சஃபிரின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் ஒட்டி உறவாடுவதை, தென்னிந்தியாவில் முதன்முறையாக ராஜபாளையம் பாறையில் கண்டதாக ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் 2004-இல் எழுதினார்கள். 1000 டிகிரி செல்சியசைத் தாண்டினால்தான் அந்த ஜோடி சேருமாம்.

பயம் வேண்டாம். இது இன்று நகர்ந்துகொண்டிருக்கும் தட்டு எல்லை அல்ல. ஆறிப்போன தழும்பு. மேலிருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்துபோக, அடியில் கிடந்தது நம் காலடிக்கு வந்திருக்கிறது.

என் கவலை வேறு. இந்த வால்களையும் வரிகளையும் தெளிவாகப் பார்க்க, வெயில் படாத புதுப்பாறை வேண்டும். அது கிடைப்பது கல் குவாரியில். அதே குவாரி மறுநாள் அதை ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிவிடுகிறது. பக்கத்தைத் திறந்து காட்டுவதும் கிழித்துப் போடுவதும் ஒரே கைதான். என் வீட்டுக் காங்கிரீட்டிலும் அந்த ஜல்லிதான் இருக்கும். யாரைக் குறை சொல்ல?

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். எங்கே இருக்கிறானோ! இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: தம்பி, மலை நகரும். அன்றைக்கு உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்தான்.