என்டெகாவிர்

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு மாத்திரையாகவோ திரவமாகவோ வாய்வழி தரப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்து. அமெரிக்காவில் 2005இல் ஒப்புதல் பெற்றது. குவானோசினை ஒத்த அமைப்புடைய இது, வைரஸ் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதியைத் தடுக்கிறது. பெருக்கம் அடங்கும், ஆனால் கல்லீரல் செல்லின் உட்கருவில் பதுங்கிய வைரஸ் டிஎன்ஏ அழிவதில்லை. பலருக்கு இதைப் பல ஆண்டுகள் தொடர வேண்டியிருப்பது அதனால்தான்.

முதன்முறை சிகிச்சை பெறும் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளுக்கு 0.5 மி.கி. லாமிவுடின் என்ற மற்றொரு ஹெபடைடிஸ் பி மருந்துக்கு வைரஸ் பழகிவிட்டாலோ கல்லீரல் செயல்திறன் குலைந்திருந்தாலோ 1 மி.கி. சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அளவு குறையும், அல்லது இடைவெளி கூடும். உணவு உறிஞ்சலைக் குறைப்பதால் வெறும் வயிற்றில், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த உணவுக்கு 2 மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும்.

உடம்பு தேறிவிட்டதென்று நோயாளி தாமாக மருந்தை நிறுத்துவதே நடைமுறையில் பெரிய ஆபத்து. அடங்கிய வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரல் அழற்சி கடுமையாக வெடிக்கலாம். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. மருத்துவரே நிறுத்தச் சொன்னாலும் அதன்பின் குறைந்தது சில மாதங்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவை.

தொடங்குமுன் எச்ஐவி பரிசோதனை அவசியம். அறியப்படாத எச்ஐவி தொற்று இருக்கையில் இதை மட்டும் தந்தால், அந்த வைரஸ் எச்ஐவி மருந்துகள் சிலவற்றுக்கு எதிர்ப்புப் பெறக்கூடும். தலைவலி, களைப்பு, தலைசுற்றல் பொதுவான பக்க விளைவுகள். லாக்டிக் அமிலத்தேக்கம் அரிது, ஆனால் கொடியது. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக டெனோஃபோவிர் என்ற மருந்தே தேர்வு.