பிள்ளையின் ட்ரோன், பெற்றோரின் பெயர்: பிரித்தானியாவின் புதிய பறப்பு விதிகள்

நத்தாருக்கோ பிறந்தநாளுக்கோ பிள்ளைக்கு ஒரு ட்ரோன் வாங்கிக் கொடுப்பது புலம்பெயர்ந்த நம் வீடுகளில் இப்போது சாதாரணமாகிவிட்டது. சாமத்திய வீட்டு வீடியோவிலும், ஊர்ச் சங்கத்தின் கோடைகால விளையாட்டு விழாவிலும், கோயில் தேர் வீதிக்கு வரும்போதும் மேலிருந்து எடுத்த ஒரு காட்சியை எல்லோரும் எதிர்பார்க்கிறோம். ஆனால் 2026 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவில் இந்தச் சிறிய இயந்திரத்துக்கான சட்டம் மாறியிருக்கிறது. மாற்றங்களில் முக்கியமானவை இரண்டு. முன்பு 250 கிராமில் தொடங்கிய பரீட்சைக் கட்டாயம் இப்போது 100 கிராமில் தொடங்குகிறது. அடுத்தது, பறக்கும் நேரம் முழுவதும் ட்ரோன் தன் அடையாளத்தைத் தானே அறிவிக்க வேண்டும் என்ற 'ரிமோட் ஐடி' விதி. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுவோரும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் அறிய வேண்டியதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

விதிகளின் பின்னணி

2018 டிசெம்பர் 19ஆம் திகதி இரவு கற்விக் விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அருகே ட்ரோன் பறப்பதாகத் தகவல் வந்தது. நத்தார் விடுமுறைக்குப் பயணிகள் குவிந்திருந்த வாரம் அது. ஓடுபாதை மூடப்பட்டது. ஏறத்தாழ 1,000 விமானச் சேவைகளும் 140,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். நீண்ட விசாரணைக்குப் பிறகும் குற்றவாளி யார் என்பது கண்டுபிடிக்கப்படவில்லை.

அந்தச் சம்பவத்தில் பலர் மறந்துபோன பகுதி ஒன்று உண்டு. விமான நிலையத்துக்கு அருகில் வசித்த ஒரு தம்பதியை பொலிசார் கைதுசெய்தார்கள். கணவருக்கு மாதிரி விமானங்களில் ஈடுபாடு இருந்தது. அவர்களுக்கும் சம்பவத்துக்கும் தொடர்பில்லை என்று தெரிந்து விடுவிக்கப்படுவதற்குள் பெயர்களும் படங்களும் பத்திரிகைகளில் வந்துவிட்டன. பின்னர் சசெக்ஸ் பொலிஸ் அவர்களுக்கு இழப்பீடும் சட்டச் செலவுமாக 200,000 பவுண் வழங்க நேர்ந்தது. மேலே பறப்பது யாருடையது என்று தெரியாதபோது சந்தேகம் யார் தலையிலும் விழலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

2019 நவம்பரில் பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை ட்ரோன்களுக்கான பதிவு முறையைத் தொடங்கியது. இன்றைய விதிகள் அதன் தொடர்ச்சி.

இரண்டு ஐடிகள், இரண்டு பொறுப்புகள்

பதிவில் இரண்டு வகை உண்டு. ட்ரோனைப் பறக்கவிடுபவருக்கு உரியது 'ஃப்ளையர் ஐடி'. அதற்கு இணையவழியில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். 40 கேள்விகள், 30க்குச் சரியாக விடையளித்தால் சித்தி. பரீட்சைக்குக் கட்டணம் இல்லை. ஐடி 5 வருடங்களுக்குச் செல்லும். 100 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள எதைப் பறக்கவிட்டாலும் இது வேண்டும்.

ட்ரோனுக்குப் பொறுப்பானவருக்கு உரியது 'ஒப்பரேட்டர் ஐடி'. 250 கிராமுக்கு மேற்பட்ட எல்லா ட்ரோன்களுக்கும், 100 கிராமுக்கு மேற்பட்டு கமரா உள்ளவற்றுக்கும் இது கட்டாயம். இதற்குக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அந்த இலக்கத்தை குறைந்தது 3 மில்லிமீற்றர் உயர எழுத்தில் ட்ரோனில் ஒட்டிவைக்க வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஃப்ளையர் ஐடிக்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பதியும்போது பெற்றோரோ பாதுகாவலரோ உடனிருந்தால் போதும். ஆனால் ஒப்பரேட்டராகப் பதிவதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே பிள்ளையின் கையில் இருக்கும் ட்ரோன் சட்டப்படி உங்கள் பொறுப்பில் இருக்கிறது. நண்பனிடம் அவன் ஒரு சுற்றுக்குக் கொடுத்தாலும், அந்த நண்பனிடம் ஃப்ளையர் ஐடி இருக்கிறதா என்று பார்க்கும் கடமை உங்களுடையது.

கடைகளில் அதிகம் விற்பவை 249 கிராம் எடையுள்ள ட்ரோன்கள். 250 கிராம் எல்லைக்கு ஒரு கிராம் கீழே நிற்பதற்காகவே அப்படித் தயாரிக்கப்பட்டவை. முன்பு அவற்றுக்கு ஒப்பரேட்டர் பதிவு மட்டும் போதுமாக இருந்தது, பரீட்சை கட்டாயமில்லை. 'சின்னது தானே, ஒன்றும் தேவையில்லை' என்று கடைக்காரரோ நண்பரோ இன்றும் சொன்னால் அது பழைய கதை.

ரிமோட் ஐடி எப்படி வேலை செய்கிறது

வாகனத்தின் இலக்கத் தகட்டை நினைத்துக் கொள்ளுங்கள். வானத்தில் 100 மீற்றர் உயரத்தில் பறக்கும் பொருளில் தகட்டை வாசிக்க முடியாது. ஆகவே ட்ரோன் வைஃபை அல்லது புளூடூத் அலைவழியாகத் தன் விபரங்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் பதிவு அடையாளம், ட்ரோனின் தொடர் இலக்கம், அது இருக்கும் இடம், உயரம், வேகம், திசை ஆகியவை அடங்கும். இவற்றோடு பறக்கவிடுபவர் நிற்கும் இடமோ ட்ரோன் புறப்பட்ட இடமோ சேர்ந்து போகும். அருகில் உள்ள எவரும் தகுந்த செயலி இருந்தால் கைத்தொலைபேசியிலேயே இந்த அலையைப் பெறலாம். ஆனால் பெயரும் முகவரியும் அதில் வராது. இலக்கத்தை ஆளோடு பொருத்திப் பார்ப்பது பதிவேட்டை அணுகக்கூடிய அதிகாரிகளால்தான் முடியும்.

இந்த விதி எல்லா ட்ரோன்களுக்கும் ஒரே நாளில் வரவில்லை. புதிய தர அடையாளம் பெற்று விற்பனைக்கு வருபவற்றில் யூகே1, யூகே2, யூகே3, யூகே5, யூகே6 வகைகளுக்கு 2026 ஜனவரி 1 முதலே கட்டாயம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் தர அடையாளமற்ற ட்ரோன்களுக்கும், வீட்டில் பொருத்திச் செய்தவற்றுக்கும், 100 கிராமுக்கு மேற்பட்ட கமரா உள்ள யூகே0 வகைக்கும் 2028 ஜனவரி 1 வரை அவகாசம் இருக்கிறது. பழைய ட்ரோன் ஒன்றை இன்று விலைகொடுத்து வாங்குபவர் இந்தத் திகதியை மனதில் வைக்க வேண்டும். உற்பத்தியாளர் மென்பொருள் மூலம் ரிமோட் ஐடியைச் சேர்க்காவிட்டால், தனியாக ஒரு கருவி வாங்கிப் பொருத்த நேரலாம்.

பொழுதுபோக்காளர்களின் மனக்குறை

அமெரிக்காவில் இந்த விதி முன்பே வந்துவிட்டது. அங்கே 250 கிராமுக்கு மேற்பட்ட, பதிவு தேவைப்படும் ட்ரோன்களுக்கு 2023 செப்டெம்பர் 16 முதல் ரிமோட் ஐடி கட்டாயமானது. கருவிகள் கிடைப்பதில் தட்டுப்பாடு இருந்ததால் 2024 மார்ச் 16 வரை நடவடிக்கை எடுப்பதில் தளர்வு காட்டப்பட்டது. அதற்கு முன்பே, ட்ரோன் பந்தய உதிரிப்பாகங்கள் விற்கும் ஒருவர் விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். எந்தக் குற்றமும் செய்யாதவன் நிற்கும் இடத்தை ஏன் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. 2022 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரது வழக்கை நிராகரித்தது. பொது வான்வெளியில் பறக்கவிடுபவர் அந்த நேரத்துக்குத் தன் இருப்பிடம் இரகசியமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. அதேவேளை, தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அதை எதிர்த்து வழக்காடும் வழியை அது மூடிவிடவில்லை.

அந்தக் கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பூங்காவின் மூலையில் தனியாக நிற்கும் 14 வயதுப் பிள்ளையின் இருப்பிடம் கைத்தொலைபேசித் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. ட்ரோன் சத்தத்தால் எரிச்சலடைந்த ஒருவர் அந்தப் புள்ளியைத் தேடி நடந்துவரலாம். ஆகவே பிள்ளையைத் தனியே அனுப்பாமல் கூடப் போவது நல்லது.

நமக்கு இதில் என்ன?

நம்மில் பலருக்கு வானத்து இரைச்சல் விளையாட்டுச் சத்தம் அல்ல. போர்க்காலத்தில் வன்னிக்கு மேலே சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை சனங்கள் 'வண்டு' என்றுதான் சொன்னார்கள். வண்டு சுற்றிப்போனால் பின்னால் ஷெல்லோ கிபிரோ வரும் என்பது அனுபவம் தந்த பாடம். இன்று பின்வளவில் பேரன் ட்ரோனை ஏற்றும்போது அம்மம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போவதை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறையாவது சொல்லி வைக்க வேண்டும்.

மேலே பறப்பது யாருடையது, ஏன் பார்க்கிறது என்று கேட்கும் உரிமை அன்று நமக்கு இருக்கவில்லை. ரிமோட் ஐடி அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் தருகிறது. பறக்கவிடுபவராக நமக்கு அது ஒரு தொல்லை. கீழே நிற்பவராக நமக்கு அது ஒரு காவல். விதியைப் பின்பற்றுபவருக்கு அது சாட்சியாகவும் நிற்கும். சம்பவம் நடந்த இடத்தில் உங்கள் ட்ரோன் இருக்கவில்லை என்று காட்டக்கூடிய ஒரு பதிவு கற்விக் தம்பதியிடம் இருந்திருந்தால் அவர்கள் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

இன்னொன்று. விமானத்துக்கு ஆபத்து விளைவித்தால் 5 வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டம் ட்ரோனைத் தரையிறக்கச் சொல்லவும் பதிவைக் காட்டும்படி கேட்கவும் பொலிசாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. வதிவிட உரிமைக்கோ குடியுரிமைக்கோ காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு குற்றத் தீர்ப்பு என்பது தண்டப்பணத்தோடு முடியும் விடயம் அல்ல. விண்ணப்பத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். அது நன்னடத்தை பற்றிய கேள்வியாக வந்து நிற்கும்.

எங்கே பறக்கவிடலாம்

உயர எல்லை 120 மீற்றர். ட்ரோன் எப்போதும் கண்பார்வையில் இருக்க வேண்டும். இரவில் பறப்பதானால் பச்சை நிற மின்னும் விளக்கு எரிய வேண்டும். இதுவும் 2026இல் வந்த மாற்றம். தர அடையாளமற்ற 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்கள் பொதுவாக மக்களிலிருந்து 50 மீற்றரும், குடியிருப்பு, வணிக, பொழுதுபோக்குப் பகுதிகளிலிருந்து 150 மீற்றரும் விலகியே பறக்க வேண்டும்.

எடை எதுவாயினும் கூட்டத்துக்கு மேலே பறக்கக்கூடாது. தேர்த் திருவிழாவில் வடம்பிடிக்கும் சனத்துக்கு நேர்மேலே 249 கிராம் ட்ரோனைக்கூட நிறுத்த முடியாது. பக்கவாட்டில் தள்ளி நின்று எடுக்கலாம். காசு வாங்கிப் படம் எடுப்பவருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். விழாவுக்கு ஒருவரை ஒழுங்குசெய்யும்போது ஒப்பரேட்டர் ஐடியையும் காப்புறுதியையும் கேட்டு வாங்குங்கள்.

விமான நிலையங்களைச் சுற்றித் தடை வலயங்கள் உண்டு. ஹவுன்ஸ்லோவில் வசிப்போருக்கு ஹீத்ரோவும் ஈஸ்ட்ஹாமில் வசிப்போருக்கு லண்டன் சிற்றி விமான நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. 2009இல் நாம் நாள்கணக்காக நின்ற பாராளுமன்றச் சதுக்கமும் கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளிக்குள் அடங்கும். கவனயீர்ப்புப் போராட்டத்தைப் பதிவுசெய்யும் ஆர்வத்தில் அங்கே அனுமதியின்றி ட்ரோன் ஏற்றுவது போராட்டத்துக்கே கெட்டபெயர் தேடித் தரும். பூங்காக்களில் உள்ளூராட்சி சபையின் தடை இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

மற்ற நாடுகளும் ஊர்ப் பயணமும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 250 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள அல்லது கமரா பொருத்திய ட்ரோனுக்கு ஒப்பரேட்டர் பதிவு வேண்டும். விளையாட்டுப் பொருளாக விற்கப்படுபவற்றுக்கு விலக்கு உண்டு. சி1, சி2, சி3 தரமுள்ளவற்றுக்கு 2024 ஜனவரி 1 முதல் ரிமோட் ஐடியும் வந்துவிட்டது. சுவிற்சர்லாந்தும் 2023 முதல் இதே விதிமுறைக்குள் இணைந்துள்ளது. கனடாவில் 250 கிராமிலிருந்து ட்ரோனைப் பதிவதும் பறக்கவிடுபவர் சான்றிதழ் பெறுவதும் கட்டாயம். அடிப்படைச் சான்றிதழுக்கு வயது 14.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ட்ரோனைப் பெட்டியில் வைப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். இலங்கையில் பறக்கவிட அங்குள்ள சிவில் விமான அதிகார சபையின் முன்அனுமதி தேவை. இந்தியா 2022 பெப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடைசெய்திருக்கிறது. சுங்கத்தில் பறிபோக இடமுண்டு. இங்கே எடுத்த ஐடி அங்கே செல்லாது.

வீட்டில் ட்ரோன் இருந்தால் இந்த வார இறுதியிலேயே அதைத் தராசில் வைத்துப் பாருங்கள். 100 கிராமைத் தாண்டினால் பிள்ளையோடு உட்கார்ந்து அந்த 40 கேள்விகளையும் நீங்களும் செய்யுங்கள். பதிவில் இருக்கப்போவது உங்கள் பெயர்.