கெலிகாக் கல்லும் நீள்முடிப் பூனையும்

மலாய்மொழிப் பாடத்தில் ‘ஓத்தாக் கெலிகா’ என்னும் தொடரை நம் மாணவர்கள் படித்திருப்பார்கள். கூர்மையான அறிவு உடையவரை அப்படிச் சொல்வது மலாய் வழக்கு. ஆனால், ‘கெலிகா’ என்றால் என்ன என்று கேட்டால் ஆசிரியர்களாகிய நாமே சற்றுத் தயங்குவோம். விலங்கின் உடலுக்குள் விளையும் கல்லுக்குத்தான் மலாய்க்காரர் அப்பெயரை வைத்திருந்தனர். நம்முடைய ‘குளிகை’க்கும் அச்சொல்லுக்கும் வடமொழி வழியே உறவு உண்டு. முள்ளம்பன்றியின் வயிற்றிலிருந்து கிடைத்த கெலிகாவைப் பொன்னைவிட மேலாக மதித்து விலை பேசிய காலமும் இருந்தது.

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்களா? இன்று ஜித்ராவின் தாமான் வீடுகளில் ‘பார்சி’ப் பூனை வளர்க்கும் பெற்றோர் பலர். காலையில் எழுந்து வந்தால் கூடத்துப் பாயின்மேல் ஈரமான முடியுருண்டை ஒன்று கிடக்கும். முகம் சுளித்துக்கொண்டு அதைக் கூட்டித் தள்ளுகிறோமே, அதுவும் அரசர்கள் மோதிரத்தில் பதித்துக்கொண்ட அந்தக் கல்லும் உறவுமுறைதான்!

செரிக்காத முடியோ நாரோ விதையோ விலங்கின் வயிற்றில் தங்கிவிட்டால், அதன்மேல் உப்புகள் படலம் படலமாகப் படிந்து காலப்போக்கில் கல்லாக இறுகும். பாரசீகர் அதனை ‘நஞ்சுமுறி’ என்னும் பொருள்பட ‘பாத்ஸஹர்’ என்றனர். ஐரோப்பியர் நாவில் அது ‘பெசோவார்’ ஆயிற்று. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட தம் நூலில் இக்கல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க இயற்கைக் கல் போதவில்லை. எனவே 17ஆம் நூற்றாண்டில் கோவாவின் ஏசுசபைத் துறவியர் பல பொருள்களைக் கலந்து செயற்கைக் கல்லையே உருட்டி விற்றனர். ‘கோவாக் கல்’ என்று அதற்குப் பெயர்.

அக்கல் உண்மையிலேயே நஞ்சை முறிக்குமா? பிரான்சு அரசர் ஒன்பதாம் சார்லசு காலத்தில் அம்புருவாசு பாரே என்னும் அறுவை மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். வெள்ளித் தட்டுகளைத் திருடித் தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனுக்கு நஞ்சும் கொடுத்துக் கல்லும் கொடுத்தார்கள். பிழைத்தால் விடுதலை என்பது வாக்கு. அவன் சில மணி நேரத்தில் துடிதுடித்து இறந்தான். கொடுமையான சோதனைதான். ஆயினும் கல்லின் வணிகம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடந்தது என்பதுதான் வியப்பு.

(கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டா. அது மாட்டின் பித்தப்பைக் கல், முடியால் ஆனதன்று.)

இனிப் பூனைக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் ‘குட்டி’ என்னும் இளமைப்பெயரை உரிமையாக்கிய வெருகும், நம் தோட்டத்து லயங்களில் எலி பிடித்துத் திரிந்த பூனையும் குறுமுடி உடையவை. நீள்முடிப் பூனையைப் பற்றி 1620 அளவில் பாரசீகத்திலிருந்து எழுதியவர் பியெத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலியப் பயணி. கொராசான் நாட்டுப் பூனைகளின் பட்டுப் போன்ற முடியைக் கண்டு மயங்கி, அவற்றை உரோமாபுரிக்குக் கொண்டுபோகவும் விரும்பினார். 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் பெரும் பூனைக் கண்காட்சி நடந்தது. அதன்பின் இனம் வளர்ப்போர் நீண்ட முடியுள்ளதையே தேர்ந்து தேர்ந்து பெருக்கினர். இன்றைய ‘பாரசீக’ப் பூனையின் மரபணு, பாரசீகத்தைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளையே நெருங்கி நிற்கிறது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பெயர்தான் பாரசீகம்!

இங்கேதான் முடியுருண்டைச் சிக்கலின் வேர் இருக்கிறது. பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த நுண்முட்கள் உள்ளன. நக்கும்போது உதிர்முடி அவற்றில் மாட்டிக்கொள்ளும். முட்கள் உட்புறம் வளைந்திருப்பதால் பூனை அதைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். எஞ்சியது வயிற்றில் திரளும். 2018இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் அந்த முட்களின் நீளத்தைப் பூனைகளின் முடியோடு ஒப்பிட்டனர். மற்றப் பூனைகளில் முள் தோல்வரை எட்டுகிறது. பாரசீகப் பூனையில் மட்டும் எட்டவில்லை. முடியை நீட்டிய மனிதன் நாக்கை நீட்டவில்லை. ஆகவே, சீப்பு பிடிப்பது அப்பூனைக்கு நாம் செய்யும் செல்லம் அன்று, பட்ட கடன்.

நம் முன்னோரும் மலாய்க்காரரும் ஒரு செடியை அறிந்திருந்தனர். நமக்குக் குப்பைமேனி, இன்னொரு பெயர் பூனைவணங்கி. மலாயில் ‘கூச்சிங் காலாக்’. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதன்மேல் புரண்டு, எச்சில் ஒழுகக் கடிக்கும். வயிற்று முடியையும் புழுவையும் அது வெளியேற்றும் என்று கம்பத்தில் நம்புவர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்சுடர்டாமில் அச்சான ‘ஓர்த்துசு மலபாரிக்கசு’ என்னும் நூலில் இச்செடி ‘குப்பமேனி’ என்றே இடம்பெற்றது. பிற்காலத்தில் சென்னையில் ஆங்கிலேய மருத்துவர் அதனைக் குழந்தைகளுக்கு வாந்தி மருந்தாகவும் குறித்தனர். பெற்றோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதிக்கப்படும் ‘ஜி6பிடி’ குறைபாடு உள்ள பிள்ளைக்குக் குப்பைமேனி ஆகாது. அதை உண்டவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்துள்ளனர்.

பூனைக்கும் அச்செடி விளையாட்டுப் பொருளாக இருக்கட்டும். வாந்தி எடுக்க வைப்பது முடியுருண்டையைத் தடுப்பது ஆகாது. முடி வயிற்றுக்குள் போகாமல் பார்ப்பதே தடுப்பு. நமக்குக் குளிர்காலம் இல்லை. பூனைக்கு ஆண்டு முழுதும் முடி உதிரும். எனவே நாள்தோறும் சீவ வேண்டும். முதலில் அகலப்பல் சீப்பு, பிறகு நெருங்கிய பல் சீப்பு. முதுகோடு நிறுத்திவிடுகிறோம், சிக்கு விழுவதோ வயிற்றிலும் அக்குளிலும் காதின் பின்புறத்திலும் பின்தொடையிலும். குளிப்பாட்டுமுன் சீவிவிடுங்கள், நனைந்தால் சிக்கு இறுகும். குட்டியிலேயே பழக்கினால் மடியில் படுத்துக் காட்டும். பிள்ளைகளிடமும் இவ்வேலையைக் கொடுக்கலாம், பத்து நிமிடம் போதும். தண்ணீர் தாராளமாக வைத்து, நார்ச்சத்துள்ள உணவும் கொடுத்தால் விழுங்கிய முடி மலத்தோடு போகும்.

விளக்கெண்ணெயையோ நல்லெண்ணெயையோ வாயைப் பிளந்து ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் பூனையின் உயிருக்கே ஆபத்தாகலாம். முடி வழுக்கிப் போவதற்கென்றே செய்த பசையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

எப்போதோ ஓர் உருண்டை வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், பூனை மீண்டும் மீண்டும் குமட்டியும் ஒன்றும் வெளிவரவில்லை, உணவைத் தொடவில்லை, மலம் கழிக்கவில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்றால் குடல் அடைபட்டிருக்கலாம். அப்போது சீப்பும் பசையும் உதவா. மறுநாள் பார்ப்போம் என்று இராமல் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.